கிளட்ச் ஒட்டுகிறதா, கேபிள் இறுகுகிறதா? – பழைய வண்டி கேள்வி பதில்

"கிளட்ச் ஸ்டக் ஆகிறது" என்று எழுதும் வாசகர்கள் அந்த ஒரே சொல்லில் மூன்று கோளாறுகளைச் சொல்கிறார்கள். லிவரைப் பிடித்து விட்டால் அது திரும்பி வராமல் பாதியில் நிற்பது ஒன்று. லிவர் ஒழுங்காக இருந்தும், உள்ளே பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியவே மறுப்பது இன்னொன்று. பிளேட் பிரிந்தும் பிரியாமலும் உரசிக்கொண்டே ஓடுவது மூன்றாவது. வண்டி சூடேறியபின் சிக்னலில் நியூட்ரல் விழாமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் நேராக சைடு கவரைக் கழற்றி பிளேட் செட் மாற்றினால் பணம் போகும், கோளாறு அப்படியே இருக்கும். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: லிவர், கேபிள், ஆர்ம் (கேபிளின் கீழ்முனை மாட்டும், இன்ஜின் பக்கத்துக் கை), அப்புறம்தான் பிளேட்.

பெரம்பூர் வாசகர்: என்னுடையது 1993 மாடல் ஆர்எக்ஸ் 100. வேலைக்காக வெளியூர் போனதால் பத்து மாதம் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டதும் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிறது. பிளேட் செட் முழுவதும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா சார்?

பதில்: அந்த முடிவை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளேட் தேயவில்லை, ஒட்டியிருக்கிறது.

வண்டி நிற்கும் காலம் முழுக்க கிளட்ச் ஸ்பிரிங்குகள் பிளேட்டுகளை இறுக்கி அமுக்கியபடியே இருக்கின்றன. இடையில் இருந்த ஆயில் நாளாக நாளாகப் பிதுங்கி வெளியேறி, மிச்சம் பிசின் மாதிரி ஆகிவிடும். அதோடு சென்னையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கியர்பாக்ஸின் காற்றுத்துளை வழியே உள்ளே போகும் ஈரம் இரவில் குளிர்ந்து துளியாகி, ஸ்டீல் பிளேட்டில் மெல்லிய துருவைப் பூக்க வைக்கும். அந்தத் துரு பக்கத்திலிருக்கும், பிடிமானப் பட்டை ஒட்டிய ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் மேற்பரப்பைக் கவ்விக்கொள்ளும்.

உறுதி செய்துகொள்ள இரண்டு சோதனைகள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, இரண்டாம் கியரில் வையுங்கள். ஒருவர் லிவரை முழுதாகப் பிடிக்கட்டும், நீங்கள் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் லேசான கனத்தோடு சக்கரம் சுற்றும். ஒட்டியிருந்தால் சக்கரத்தோடு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்குவது கையிலேயே தெரியும்.

இரண்டாவது சோதனை ஆர்எக்ஸுக்கு ரொம்பப் பொருத்தம். இதில் கிக்கர், பிளேட்டுகள் உட்காரும் கிண்ணமான கிளட்ச் ஹவுசிங் வழியாகவே இன்ஜினைச் சுழற்றுகிறது. அதனால்தான் கியரில் இருக்கும்போதே லிவரைப் பிடித்துக்கொண்டு கிக் அடிக்க முடிகிறது. சாவியை ஆஃப் செய்து, முதல் கியரில், லிவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளுங்கள். கிக்கரோடு சேர்ந்து வண்டியும் முன்னே நகர்ந்தால் பிளேட் ஒட்டியிருக்கிறது. இந்த நேரத்தில் லிவர் கைக்கு எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பிளேட் ஒட்டியிருந்தாலும் லிவர் வழக்கம்போலத்தான் இருக்கும், ஏனென்றால் ஸ்பிரிங் அமுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. லிவர் வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் சந்தேகத்தைக் கேபிள் பக்கம் திருப்புங்கள்.

இனி விடுவிக்கும் வேலை. பழைய கியர் ஆயிலை முழுக்க வடித்து, மானுவலில் சொன்ன கிரேடில், சொன்ன அளவில் புது ஆயிலை ஊற்றுங்கள். நியூட்ரலில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஆஃப் செய்யுங்கள். லிவரை ஹேண்டில் பாரோடு சேர்த்து, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். மூன்றாம் கியரில் போட்டு, சக்கரம் தரையில் இருக்க, வண்டியை முன்னும் பின்னுமாக இருபது முப்பது தடவை ஆட்டுங்கள். பிரியும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு வண்டி லேசாகிவிடும். பிரியாவிட்டால் லிவரைக் கட்டியபடியே இரவு விட்டுவிடுங்கள்; ஒரு ராத்திரிக்கெல்லாம் ஸ்பிரிங் தளர்ந்துவிடாது. அமுக்கம் இல்லாததால் புது ஆயில் இடுக்குகளில் மெல்ல ஏறும். மறுநாள் சூடாக்கி மறுபடி ஆட்டுங்கள்.

கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்தினால் விட்டுவிடும் என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் விடும். ஆனால் அந்த அடி முழுவதும் பிளேட்டின் விளிம்பில் நீட்டியிருக்கும் காதுகள் வழியாக ஹவுசிங்கில் இறங்கும். தெருவில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்தில், நிற்குமா நிற்காதா என்று தெரியாத வண்டியில் செய்யும் காரியமும் இல்லை அது. வேண்டாம்.

இரண்டு நாள் முயன்றும் பிரியவில்லை என்றால் கவரைத் திறக்கலாம். அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. பிளேட் அடுக்கை வெளியே எடுத்து, மழுங்கிய கத்தியின் நுனியை இரண்டு பிளேட்டுக்கு நடுவே வைத்து லேசாகத் திருப்புங்கள். ஸ்டீல் பிளேட்டின் மேல் பழுப்பு வளையமாகத் துரு தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, அதில் பிளேட்டை எட்டு போட்டுத் தேய்த்தால் போய்விடும். பிறகு அதே கண்ணாடியில் வெறுமனே வைத்து, விளிம்பைச் சுற்றி ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். எவ்வளவு வளைவு வரை விடலாம் என்பது மாடலைப் பொறுத்தது, 0.05 மி.மீ. என்று கறாராகச் சொல்லும் மானுவலும் உண்டு, 0.2 வரை விடும் மானுவலும் உண்டு. ஃபிரிக்‌ஷன் பிளேட்டை வெர்னியரில் அளந்து, புதியதைவிட 0.3 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருந்தாலோ, மேலே ஒட்டிய பட்டை உரிந்திருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ மாற்றுங்கள். இல்லையென்றால் மண்ணெண்ணெயில் கழுவி, புது ஆயிலில் ஊறவைத்து அதையே போடலாம்.

வடித்த ஆயிலின் அளவையும் பாருங்கள். ஊற்றியதைவிட ரொம்பக் குறைவாக வந்து, வெளியே ஒழுகலும் இல்லாமல், சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்காமல் வந்தால், கிராங்கின் வலது பக்கத்து ஆயில் சீல் போயிருக்கலாம். கியர் ஆயிலை இன்ஜின் குடித்துக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்தப் பிளேட் போட்டாலும் காய்ந்து கெடும்.

திருவான்மியூர் வாசகர்: பதினெட்டு வருட ஸ்ப்ளெண்டர். கிளட்ச் லிவர் கல் மாதிரி இருக்கிறது. விட்டாலும் சட்டென்று திரும்புவதில்லை. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களைத் தாண்டுவதற்குள் இடது மணிக்கட்டு வலியெடுத்துவிடுகிறது. புது பிளேட் போட்டும் மாறவில்லை.

பதில்: பிளேட்டுக்கும் லிவரின் கனத்துக்கும் சம்பந்தமே இல்லை. கனத்தைத் தருவது ஸ்பிரிங். அதைக் கூட்டுவது உரசல். கடற்கரை ஓரம் குடியிருக்கிறீர்கள், உப்புக்காற்று முதலில் கடிப்பது கேபிளின் உள்கம்பியைத்தான்.

கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். முதலில் வெறும் லிவரை மட்டும் ஆட்டிப் பாருங்கள். அதுவே இறுக்கமாக இருந்தால் அதன் நடு போல்ட்டைக் கழற்றித் துடைத்து, துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். அந்த போல்ட்டை முறுக்கி இறுக்கக் கூடாது. லிவர் தானாகத் தொங்கி ஆடும் அளவுக்கு வைத்து, கீழே இருக்கும் லாக் நட்டைத்தான் இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜின் பக்கத்து ஆர்ம். கையால் தள்ளினால் கொஞ்சம் ஆடி, பிறகு ஸ்பிரிங்கின் எதிர்ப்பு வர வேண்டும். விட்டால் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் ஆர்ம் நுழையும் இடத்தில் மண்ணும் துருவும் சேர்ந்திருக்கிறது, அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் விழுந்துவிட்டது. கடைசியாகக் கேபிள். உள்கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள். எந்த இடத்திலாவது 'கரகர'வென்று தட்டினால் கோளாறு அங்கேதான்.

லிவர் பக்கத்துக் குண்டுமுனைக்கு அருகில் கம்பி இழைகளை விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து குத்தினாலும் கேபிளை மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் மிச்சமிருப்பதும் அதே இடத்தில்தான் அறுந்து ஒருநாள் நடுரோட்டில் நிறுத்தும். இழைகள் முழுசாக இருந்தால் ஆயில் விடலாம். பால் கவரின் ஒரு மூலையைக் கத்தரித்து, கேபிளின் மேல்முனையில் கட்டி, பத்து மி.லி. இன்ஜின் ஆயிலை ஊற்றித் தொங்கவிடுங்கள். காலையில் கீழ்முனையில் கறுப்பாகச் சொட்டியிருக்கும். கிரீஸ் வைக்காதீர்கள், அது தூசியைப் பிடித்துக் கெட்டியாகும். உள்ளே நைலான் குழாய் போட்ட கேபிள் என்றால் ஆயில் கொஞ்சமாகவே போதும்.

மாட்டும்போது வழியைக் கவனியுங்கள். கேபிள் ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடங்கியோ டாங்க்குக்கு அடியில் நசுங்கியோ போகக் கூடாது. ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பும்போது லிவரின் ஆட்டம் மாறவே கூடாது. மாட்டி முடித்தபின் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்கும்படி அட்ஜஸ்டரை வையுங்கள். வெறும் ஆட்டமே இல்லாமல் இழுத்துக் கட்டினால் பிளேட் எப்போதும் பாதி விடுபட்டே ஓடி, புதுசாகப் போட்ட பிளேட்டும் வழுக்கிக் கருகும்.

திருவொற்றியூர் வாசகர்: பழைய நாலு கியர் புல்லட் 350, வலது பக்க கியர். காலையில் முதல் கியர் 'டமார்' என்று விழுகிறது. சூடான பிறகு சிக்னலில் நியூட்ரல் கிடைப்பதில்லை. இரண்டும் ஒரே கோளாறா?

பதில்: இல்லை. காலைக் கோளாறு ஒட்டிய பிளேட். அது பழக்கத்தில் தீரும். சூட்டுக் கோளாறு அட்ஜஸ்ட்மென்ட்; அதற்குக் கையில் ஸ்பானர் எடுக்க வேண்டும்.

புல்லட்டில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போகிறது. அதனால் லிவரைப் பிடித்தால் கிக்கர் வெறுமனே சுற்ற வேண்டும். தினமும் சாவி போடும் முன், நியூட்ரலில் லிவரைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு தடவை கிக்கரை மிதியுங்கள். முதல் மிதியில் கம்ப்ரஷன் காலைத் தடுக்கும். பிளேட் பிரிந்த நொடியில் கால் வழுக்கினாற்போல் லேசாகக் கீழே போகும். அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். உங்கள் ஊரிலேயே ஐம்பதுகளிலிருந்து செய்யப்பட்டு வந்த வண்டி இது. பழைய ஓட்டுநர்கள் இதை ஒரு நாளும் விட மாட்டார்கள்.

சூட்டில் வருவதற்கு முதலில் ஐடிலிங் வேகத்தைப் பாருங்கள். ஐடிலிங் ஏறியிருந்தால் கிளட்ச் நன்றாக இருந்தாலும் கியர் சத்தத்தோடுதான் விழும். அது சரி என்றால் கேபிளின் அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்திவிட்டு, கியர்பாக்ஸின் வலது பக்கத்தில் திருகு போட்ட சின்ன மூடியைத் திறங்கள். உள்ளே அட்ஜஸ்டர் திருகும் லாக் நட்டும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி, திருகு, பிளேட்டைத் தள்ளிப் பிரிக்கும் புஷ் ராடைத் தொடும் வரை விரல் பலத்தில் மட்டும் முறுக்கி, அங்கிருந்து அரைச் சுற்று பின்வாங்கி, லாக் நட்டை இறுக்குங்கள். அதற்குப் பிறகு மேலே கேபிளில், லிவர் அதன் தாங்கியோடு சேரும் இடத்தில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வரும்படி வையுங்கள். பலர் கேபிளை மட்டும் இழுத்துக்கொண்டே போவார்கள். இடைவெளியே இல்லாமல் ஓடினால் புஷ் ராடின் நுனி ஓயாமல் உரசி, நீலம் பாய்ந்து, காளான் போலப் பரந்து தேயும். தேய்ந்த அளவுக்கு லிவரின் இழுப்பு வீணாகி, பிளேட் பிரிவது குறையும். இதுதான் சுற்றிச் சுற்றி வரும் நோய்.

அடுத்தது பிரைமரி ஆயில், அதாவது இடது பக்கத்தில் கிளட்ச் இருக்கும் அறையின் ஆயில். லெவல் போல்ட்டைக் கழற்றி, வண்டியை நேராக நிறுத்தி, துளையில் மெல்லக் கசியும் வரைதான் ஆயில். அதற்கு மேல் ஊற்றினால் பிளேட்டுகள் ஆயிலுக்குள் நீச்சலடித்து ஒன்றையொன்று இழுக்கும். கெட்டியான ஆயிலும் அதையேதான் செய்யும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தீராவிட்டால் இடது பக்க பிரைமரி கவரைத் திறக்க வேண்டும். ஃபுட்ரெஸ்டைக் கழற்றி, பிரேக் பெடலை வழியிலிருந்து விலக்கி, கீழே ஒரு தட்டு வைத்துவிட்டு நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைக் கழற்றுங்கள். கவர் கையோடு வந்துவிடும். இப்போது ஒருவர் லிவரைப் பிடிக்க, நீங்கள் பிளேட் அடுக்கை வெளியிலிருந்து அமுக்கும் பிரஷர் பிளேட்டை நேருக்கு நேர் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராக எழும்புகிறதா, ஒரு பக்கம் மட்டும் தூக்குகிறதா? லிவரைப் பிடித்தபடியே கிக்கரை மிதித்தால், சாய்ந்து எழும் பிரஷர் பிளேட் தட்டாமாலை சுற்றுவது நன்றாகத் தெரியும். தூக்காத பக்கத்து ஸ்பிரிங் திருகைச் சிறிது தளர்த்தி, தூக்கும் பக்கத்தை அதற்குத் தக்கபடி இறுக்கிச் சீராக்குங்கள். மூடும் முன் பிரைமரி செயினின் ஆட்டத்தையும் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. இருக்கட்டும். கவரின் ரப்பர் சீல் பழையதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், மாற்றாவிட்டால் அடுத்த வாரமே தரையில் எண்ணெய் வட்டம் தெரியும்.

சைதாப்பேட்டை வாசகர்: பழைய ஜாவா வாங்கியிருக்கிறேன். கியர் லிவரை மிதித்தால் கையில் இருக்கும் கிளட்ச் லிவர் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. கேபிள் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஜாவாவில் கியர் லிவரை நகர்த்தும்போதே உள்ளே கிளட்ச் தானாக விடுபடும் அமைப்பு உண்டு. அந்த நேரத்தில் கேபிளுக்கு வேலை இல்லாததால் லிவர் தளர்கிறது. அதைக் கண்டு கேபிளை இறுக்கிவிடாதீர்கள், கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். கியரை மிதித்துவிட்டு லிவரிலிருந்து காலை எடுப்பதும் நிதானமாக இருக்கட்டும். காலைச் சட்டென்று எடுத்தால் கிளட்சும் சட்டென்று பிடிக்கும்.

முடிச்சூர் வாசகர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் சீட் வரை தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றி ஓட்டினோம். ஒரு மழைக்காலம் போனபின் கிளட்ச் ஒட்டுவதும், அடுத்து வழுக்குவதும் மாறி மாறி வருகிறது. நாலு ஸ்ட்ரோக் வண்டி. இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: நாலு ஸ்ட்ரோக் வண்டியில் பெரும்பாலும் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில். தண்ணீர் புகுந்ததும் அது பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை வடித்தால் முழுதும் போகாது. கிளட்ச் பிளேட்டுகளின் இடுக்கிலும் கவரின் மூலைகளிலும் அந்தப் பால்குழம்பு தங்கிவிடும். ஃபிரிக்‌ஷன் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை காகித நார் வகையாக இருந்தால் தண்ணீரில் ஊறி உப்பும். உப்பினால் பிளேட்டுக்கு இடையே இடம் குறைந்து ஒட்டும்; பிறகு பசை விட்டு உரிந்தால் வழுக்கும். இரண்டும் மாறி மாறி வருவதற்கு இதுதான் காரணம். உங்கள் வண்டிக்கு இனி ஆயில் வைத்தியம் உதவாது. ஃபிரிக்‌ஷன் பிளேட்டை மாற்றியே ஆக வேண்டும், ஸ்டீல் பிளேட்டைத் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். கவரைத் திறந்திருக்கும்போதே அடியில் படிந்திருக்கும் வண்டலை விரலால் வழித்தெடுங்கள். வெள்ளத்து வண்டல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

மறுபடி மூழ்கினால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய ஆயிலை வடித்து, விலை குறைந்த 20டபிள்யூ-40 பைக் ஆயிலை ஊற்றி, பிளக் இல்லாமலேயே கிக்கரை முப்பது நாற்பது தடவை மெதுவாக மிதியுங்கள். இடையிடையே லிவரைப் பிடித்து விட்டுக்கொண்டே இருங்கள், அப்போதுதான் பிளேட் இடுக்கிலிருப்பது கழுவப்படும். வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். வடிவது தெளிவான தேன் நிறத்தில் வரும் வரை இது நடக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று தடவை ஆகும். அதன்பிறகுதான் நல்ல ஆயில், பிளக், கார்புரேட்டர் எல்லாம். சேர்த்து மூன்று லிட்டர் மலிவு ஆயில் செலவானாலும், ஒரு கிளட்ச் செட்டும் கிராங்க் பேரிங்கும் மிச்சம். பிரேக் டிரம்களையும் திறந்து காயவைக்க மறக்காதீர்கள்.

அம்பத்தூர் வாசகர்: கிளட்ச் ஒட்டாமல் இருக்க கார் ஆயில் நல்லது, வழவழப்பு அதிகம் என்கிறார்கள். ஊற்றினேன். இப்போது ஆக்சிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

பதில்: ஒட்டுவதற்கு நேர் எதிரான கோளாறை வரவழைத்திருக்கிறீர்கள். பைக் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே வேலை செய்கிறது, அது பிடிக்கவும் வேண்டும். கார் ஆயில் பலவற்றில், அதிலும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளில், எரிபொருள் மிச்சத்துக்காக உரசலைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. டப்பாவின் பின்பக்கத்தில் சிறிய பெட்டிக்குள் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA / MA2, பைக் கிளட்சுக்கான தரக்குறி) என்று அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. இப்போது ஊற்றியதைச் சூடாக வடித்து, எம்ஏ ஆயில் ஊற்றி இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, அதையும் மாற்றுங்கள். பிளேட் கருகியிருக்காவிட்டால் பிடிமானம் திரும்பிவிடும்.

போரூர் வாசகர்: சிக்னலில் கியரிலேயே கிளட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கெடுதலா?

பதில்: பழைய வண்டிக்குக் கெடுதல்தான். புஷ் ராடின் நுனி அந்த நேரம் முழுவதும் முழு ஸ்பிரிங் பாரத்தோடு உரசிக்கொண்டிருக்கும். பத்து விநாடிக்கு மேல் நிற்பதாகத் தெரிந்தால் நியூட்ரல். அதைவிடக் கெடுதல் கத்திப்பாரா மேம்பால ஏற்றத்தில் நெரிசலின்போது பிரேக் போடாமல் பாதி கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது. ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்து வளைவது இப்படித்தான்.

மயிலாப்பூர் வாசகி: நானும் தம்பியும் வீட்டிலேயே எங்கள் அப்பாவின் ஷோகன் பைக்குக்கு கிளட்ச் மாற்றினோம். ஃபிரிக்‌ஷன், ஸ்டீல், ஸ்பிரிங் எல்லாம் புதுசு. ஆனாலும் லிவரைப் பிடித்தால் வண்டி மெல்ல ஊர்கிறது. எங்கே தவறினோம்?

பதில்: பெரும்பாலும் ஹவுசிங்கில். அதன் விரல் போன்ற தூண்களுக்கு நடுவே, பிளேட்டின் காதுகள் வந்து உட்காரும் பள்ளங்களை மறுபடி பாருங்கள். வருடக்கணக்காகக் காதுகள் இடித்து, அந்த விரல்களின் பக்கச் சுவரில் படிக்கட்டு மாதிரி வெட்டுகள் விழுந்திருக்கும். கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் நகம் மாட்டும். புது பிளேட் வழுக்கிப் பிரிய வேண்டிய நேரத்தில் அந்த வெட்டில் சிக்கி நின்றுவிடும். வெட்டு மெல்லியதாக இருந்தால் நைசான தட்டை அரத்தால் மட்டமாகும் வரை, எல்லா விரலிலும் ஒரே அளவுக்கு ராவிவிடலாம். நகம் ஆழமாக இறங்கும் அளவுக்கு வெட்டு இருந்தால் ராவாதீர்கள், ஹவுசிங்கை மாற்றுங்கள். ராவி இடைவெளி கூடிவிட்டால் பிளேட் கடகடத்து விரல்களையே உடைக்கும். ஸ்டீல் பிளேட்டுகள் மாட்டும் நடு ஹப்பின் பற்களிலும் இதே சோதனை.

ஹவுசிங் நன்றாக இருந்தால் போட்ட விதத்தைப் பாருங்கள். புது ஃபிரிக்‌ஷன் பிளேட்டைக் காயாகப் போட்டீர்களா? அதே வண்டியின் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயிலில் ஓர் இரவு முழுக்க ஊற வேண்டும். அடுக்கு ஃபிரிக்‌ஷனில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக ஃபிரிக்‌ஷனிலேயே முடிய வேண்டும். ஸ்டீல் பிளேட் அச்சில் வெட்டப்படுவதால் ஒரு பக்கத்து விளிம்பு கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், டி ஸ்பானரில் பலத்தைக் காட்டக் கூடாது. அலுமினியத் தூண் உடைந்தால் ஹப்பே போச்சு. பிரஷர் பிளேட்டில் அடையாளக் குறி இருந்தால் ஹப்பின் குறியோடு சேர்த்து வைத்தீர்களா என்றும் பாருங்கள். ஒரு பல் மாறி உட்கார்ந்தால் பிளேட் முழுதாக அமுங்காது, முழுதாக விடவும் செய்யாது.

இன்னொன்று வெளியிலேயே இருக்கும். லிவரையும் புதுசாக மாற்றியிருந்தால், பழைய லிவரையும் அதையும் பக்கத்தில் வைத்து, நடு போல்ட் துளையிலிருந்து கேபிள் குண்டு உட்காரும் துளை வரை அளந்து பாருங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லிவர்களில் இந்தத் தூரம் சில மி.மீ. குறைந்திருந்தால் கேபிள் இழுபடும் அளவும் குறைந்து, உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் வண்டி ஊரும்.

ஆவடி வாசகர்: கிளட்ச் ஹவுசிங் புதியது கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழையது வாங்கலாமா? பிளேட்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: ஹவுசிங், ஹப், பிரஷர் பிளேட் வாங்கலாம். ஃபிரிக்‌ஷன் பிளேட்டும் ஸ்பிரிங்கும் வேண்டாம், அவற்றை ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். பழைய ஃபிரிக்‌ஷன் பிளேட் எத்தனை காலம் காய்ந்து கிடந்தது என்பது வெளியே தெரியாது. ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியாது.

போகும்போது உங்கள் பழைய ஹவுசிங்கைத் துடைத்துக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் பல்லை எண்ணுங்கள். ஒரே கம்பெனியின் அண்ணன் தம்பி மாடல்களில் ஹவுசிங் அச்சு அசலாக இருந்தும் பல் எண்ணிக்கை மாறும். கிராங்கில் இருக்கும் சின்ன கியரோடு அது சேராது. அடுத்து ஹவுசிங்கை ஒரு கையில் பிடித்து, பின்னால் இருக்கும் கியரை மறு கையால் இடவலமாகத் திருகுங்கள். நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கோ ரப்பரோ எதிர்ப்புக் காட்ட வேண்டும். கடகடவென்று ஆடினால் ஐடிலிங்கில் வண்டி உரலில் இடிப்பது போலச் சத்தம் போடும். நடுத்துளையில் உங்கள் வண்டியின் புஷ்ஷைப் போட்டுப் பார்த்து, பக்கவாட்டில் அசைகிறதா என்று சோதியுங்கள். கடைசியாக அதே நகச் சோதனை, ஒரு விரல் விடாமல். கடைக்காரர் கிரீஸ் தடவி வைத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள், கிரீஸ் வெட்டை மறைக்கும். கூடவே புது பேக்கிங் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் போதும், அலுமினிய முகத்தில் கீறல் விழுந்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் ஆயில் கசியும்.